மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காத்தல்

வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் மூல வைகையின் கரையில் அமைந்தது எம்மூராகிய மயிலாடும்பாறை. அவ்வூரினின்று மலையைக் கடந்து மதுரை மாவட்டத்து மல்லப்புரத்திற்கு இறங்கும் சாலை ஒன்றுண்டு. ஆண்டிபட்டி சுற்றிச் செல்லும் நெடுவழியை மிச்சப்படுத்துவதாதலின், இரு சக்கர வண்டியுடையார் பலரும் இதனையே நாடுவர். மூட்டையும் முடிச்சும் ஏற்றி, மனைவி மக்களையும் பின்னிருத்தி, இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டிகளை இங்கே எந்நாளும் காணலாம். பந்தயத் தடத்தில் விரைவோரே வண்டியைக் கடுமையாக ஓட்டுவோர் என்று நகரத்தார் கருதுகின்றனர். எம்மூர்க் குடியானவனும் தன் வண்டியைக் கடுமையாகவே ஓட்டுகிறான். வேகத்தினால் அன்று, பாரத்தினால்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாட் காலை, என் தந்தையார் தம் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் இரண்டு மூட்டை மொச்சையைக் கட்டி, அவற்றின் மேல் என்னையும் ஏற்றிக்கொண்டு அம்மலையைக் கடந்தார். ஏற்றம் முழுதும் வண்டி அரும்பாடு பட்டது; ஆயினும் நிற்கவில்லை. உச்சியில் இறங்கித் தண்ணீர் குடித்தோம். “இனிக் கவலையில்லை, இறக்கந்தான்” என்று கூறித் தந்தையார் வண்டியை இயக்கினார். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஆக்சிலேட்டரை முற்றும் அடைத்து, கியரில் இருந்தபடியே வண்டியை ஓடவிட்டார். மூன்று நான்கு வளைவுகள் கடந்திருப்போம். கிறீச்சென்று ஓர் ஒலி கேட்டது. அக்கணமே பின்சக்கரம் உருளாமல் நின்றுபோயிற்று. வண்டி சாலையைத் தேய்த்துக்கொண்டு சென்று ஓரத்துச் சுவரில் மோதி வீழ்ந்தது. மூட்டைகள் என்னைத் தாங்கின. தந்தையாரின் காறையெலும்பு முறிந்தது. மூன்று திங்கள் அவர் மண்வெட்டி எடுக்க இயலவில்லை. வண்டியைச் செப்பனிட வீட்டிலிருந்த ஆடுகளுள் இரண்டு விலையாயின.

பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்தீர்களோ என்று கேட்டார் பலர். மறக்கவில்லை, அளவு பிசகாமற் கலந்தவன் யானே. மேலும், துன்பமெல்லாம் பட்ட ஏற்றத்தில் நின்றுவிடாத எஞ்சின், துன்பமற்ற இறக்கத்தில் நிற்பானேன்? இக்கேள்வி என்னை நெடுநாள் அலைத்தது. தமிழ் பயிலும் மாணவனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைப்பர். அவர்க்கு அன்று அச்சாலையில் வீழ்ந்ததே என் விடை. எம்மூர்ப் பட்டறைக்காரர் ஒருவரிடம் விடுமுறைதோறும் அமர்ந்து கேட்டனவும், பௌதிகப் பாடநூல்களிற் கண்டனவும் சேர்த்து, யான் அறிந்துகொண்ட விடையை ஈண்டு எழுதுகின்றேன். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பொருளால் ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே பொறியியல் கற்றார் என்பது தமிழ்நாடறிந்த செய்தி. யான் பிரித்தது ஒன்றுமில்லை. பிரித்தவர் அருகில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததே என் கல்வி.

சொல்லைப் பற்றி ஒரு சொல். உருளை, உந்துதண்டு என்று பாடநூல்கள் கூறும். பட்டறையில் அச்சொற்களைக் கூறினால் எவரும் திரும்பிப் பாரார். ஆதலின் சிலிண்டர், பிஸ்டன் என்று வழங்குமாறே எழுதுகின்றேன். ஆனால் எங்கட்கு நேர்ந்த அக்கேட்டிற்கு மட்டும் பட்டறையிலேயே நல்ல தமிழ் உண்டு. எஞ்சின் “பிடித்துக்கொண்டது” என்பர். பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்றலே அது. இதனினும் பொருத்தமான கலைச்சொல்லை எக்குழுவினராலும் ஆக்கிவிட முடியாது.

பிடித்துக்கொள்வது யாங்ஙனம்? நூறு சி.சி. வண்டி ஒன்றின் பிஸ்டன் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. அதற்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே விடப்படும் வெளி, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் இரண்டு முதல் ஐந்து கூறு வரையே இருக்கும். அத்துணைச் சிறிய வெளியில் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்து நிற்க, அதன்மேல் பிஸ்டன் வழுக்கி ஏறி இறங்குகின்றது. நிமிடத்திற்கு 6000 சுற்று எஞ்சின் சுழலும்போது பிஸ்டன் நொடிக்கு நூறு முறை ஏறி நூறு முறை இறங்கும். உலோகத்தோடு உலோகம் உராய்வதாகத் தோன்றினும், உண்மையில் அவை ஒன்றையொன்று தீண்டுதல் கூடாது. தீண்டினால் அழிவே.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டர்ச் சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூடேற்றினால் அலுமினியம் இரும்பினும் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 50 மில்லிமீட்டர் பிஸ்டன் 200 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு பெருக்கும். விட்ட வெளியோ அதனினும் பல மடங்கு குறைவு. இக்கணக்கை யான் முதன்முறை தாளிற் போட்டபோது, எஞ்சின் ஓடுவதே வியப்பென்று எண்ணினேன். சூடு மிகும் தலைப்பக்கத்தைச் சிறுக்கவும், சூடு குறைந்த அடிப்பக்கத்தைச் சற்றுப் பருக்கவும், முழு வட்டமாக அன்றி நுண்ணிய நீள்வட்டமாகவும் பிஸ்டனைக் கடைந்து இவ்விடரைத் தவிர்த்திருக்கின்றனர். சூடேறிய பின்னரே அது தன் உருவம் பெறும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடனே முறுக்குதல் ஏன் தீது என்பதும் இதனால் விளங்கும். பிஸ்டன் விரைவில் சூடேறிப் பெருக்கும். கனத்த சிலிண்டர் மெல்லச் சூடேறும். இடைப்பட்ட சில நிமிடங்களில் வெளி மிகவும் குறுகியிருக்கும். முதல் ஒரு மைல் மெல்லச் செல்க என்பது பெரியோர் வாய்ப்பேச்சு அன்று, கணக்கு.

எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரிக்கும் மேற்படும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். ஆயினும் பிஸ்டன் உருகாதிருப்பது, அவ்வெப்பம் கணப்பொழுதே நிலைப்பதாலும், வந்த வெப்பம் ரிங்குகள் வழியாகச் சிலிண்டருக்கும், அங்கிருந்து வெளியேயுள்ள இறக்கைத் தகடுகள் வழியாகக் காற்றிற்கும் ஓடிவிடுவதாலும் ஆகும். எண்ணெயும் ஒரு பகுதி வெப்பத்தை ஏந்திச் செல்லும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் நாலிலொரு பங்களவே சக்கரத்தைத் திருப்புகின்றது. எஞ்சியதெல்லாம் வெறும் சூடாகவே கழிகின்றது. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று விசிறியாகும். மலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் மூட்டையோடு ஏறும் வண்டியிலோ தீ மிகுதி, விசிறி குறைவு. ஆதலின் வேகமானியைப் பார்த்து எஞ்சினின் வருத்தத்தை அளத்தல் பெருந்தவறு.

இனி எங்கள் வண்டிக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய்க்கெனத் தனிக் கிணறும் பம்பும் இல்லை. பழைய வண்டிகளில் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவர். அக்கலவை கிராங்க் அறையினூடே புகுந்து செல்கையில் எண்ணெய் ஆங்காங்கே படிந்து படலமாகும். ஆகவே பெட்ரோல் எவ்வளவு செல்கின்றதோ அவ்வளவே எண்ணெயும் செல்லும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை அடைத்தால் பெட்ரோல் குறையும். எண்ணெயும் உடன் குறையும். ஆனால் கியர் பூட்டியிருப்பதால் சக்கரம் எஞ்சினை வலிந்து சுழற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தின் சூடு இன்னும் ஆறாத பிஸ்டன், உயவின்றி, முன்னினும் விரைவாக ஏறி இறங்குகின்றது. கலவையில் குற்றமில்லை, கலவை உள்ளே செல்லாமையே குற்றம். பட்டறைக்காரர் சிலிண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்து, “பெட்ரோலை மிச்சம் பிடித்தீர்கள் தம்பி, எண்ணெயும் சேர்ந்து மிச்சமாகிவிட்டது” என்றார். அவர் நகைக்கவில்லை, யானும் நகைக்கவில்லை.

இவ்விடரை மேனாட்டாரும் அறிந்திருந்தனர். ஸ்வீடன் நாட்டுச் சாப் கம்பெனியார் தம் டூ ஸ்ட்ரோக் கார்களில், இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை இழுக்காதபடி தனித்தோட விடும் அமைப்பொன்றை வைத்தனர். ஜப்பானியராகிய யமஹா கம்பெனியார் 1964-ஆம் ஆண்டு முதல் எண்ணெயைத் தனித் தொட்டியில் இட்டுப் பம்பினால் ஊட்டும் முறையைக் கொணர்ந்தனர். 1985 முதல் நம் நாட்டில் பெரும்புகழ் பெற்ற ஆர்.எக்ஸ். 100 வண்டியும் அம்முறையினதே. கலவை ஊற்றும் பழைய வண்டி வைத்திருப்போர் செய்யத்தக்கது எளிது. இறக்கத்தில் சிறு கியரிலேயே மெல்லச் செல்க. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறை திறந்து மூடுக. அவ்வொரு முறுக்கில் எஞ்சினுக்கு ஒரு மிடறு எண்ணெய் கிடைக்கும். நியூட்ரலில் ஓடவிடலாமே என்பார்க்கு: அங்ஙனம் செய்தால் பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழும், நெடிய இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கும். எஞ்சினைக் காத்து உயிரை விடுதல் அறிவுடைமை ஆகாது.

இன்று எம்மூரில் ஓடுவனவற்றுட் பெரும்பாலன ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே. இவற்றில் எண்ணெய் எஞ்சினின் அடியில் தங்கிப் பம்பினால் ஏற்றப்படுதலின், மேற்சொன்ன இறக்கத்து இடர் இல்லை. ஆனால் வேறோர் இடருண்டு. நூறு சி.சி. வண்டியின் எண்ணெய் முழுவதும் ஏறக்குறைய ஒரு லிட்டரே. ரிங் தேய்ந்த வண்டியில் எண்ணெய் சிறிது சிறிதாக எரிந்து நீலப் புகையாய் வெளியேறும். அரை லிட்டர் போயினும் வண்டி ஓடும். ஓட்டுவார்க்கு ஒரு வேற்றுமையும் தோன்றாது. கார்களில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். நம் சிறு வண்டிகள் பலவற்றில் அவ்விளக்கும் இல்லை. எண்ணெய்க் குச்சி ஒன்றே சாட்சி. வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்து இட்டு எடுத்துப் பார்த்தல் வேண்டும். சாய்த்து நிறுத்திப் பார்ப்பதனாற் பயனில்லை. பட்டறைக்கு வரும் பிடித்துக்கொண்ட எஞ்சின்களிற் பலவும் எண்ணெய் வற்றியவையே என்று எம்மூர்ப் பட்டறைக்காரர் கூறுவார். கம்பெனிப் புத்தகம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுக என்று கூறுகின்றதோ, மலையும் பாரமும் வழக்கமானவர் அதிற் பாதியில் மாற்றுவது நலம். கார் எண்ணெய் மலிவென்று அதனை ஊற்றுவாருமுளர். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே எண்ணெயில் மூழ்கியிருப்பதால், வழுக்கலை மிகுவிக்கும் சரக்குச் சேர்த்த கார் எண்ணெய் கிளட்சையும் வழுக்கச் செய்துவிடும்.

கியர் மாற்றும் வகையிலும் பிழை மலிந்து கிடக்கின்றது. பெரிய கியரில் குறைந்த சுற்றில் இழுத்தால் எஞ்சினுக்கு நோவு குறையும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று நம்புவோர் பலர். சமவெளியில் அஃது உண்மையாகலாம். ஏற்றத்தில் அது கொடுமை. எருதிற்கு மூச்சுவிட இடங்கொடாமல் பெருஞ்சுமையை ஒரே அடியில் இழுக்கச் செய்வதை ஒக்கும். ஒவ்வோர் எரிப்பின் அழுத்தமும் மிகும். பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் வெடிக்கும். கூழாங்கற்களைத் தகரப் பெட்டியிலிட்டுக் குலுக்கியதுபோல் ‘டக டக’ என்ற ஓசை எழும். அவ்வோசை பிஸ்டனின் தலையில் விழும் அடி. கேட்டவுடன் ஆக்சிலேட்டரைச் சிறிது தளர்த்திக் கீழ் கியருக்கு மாறுக. எஞ்சின் சற்று உரக்கப் பாடினாலும் குற்றமில்லை. நடுத்தரச் சுற்றில் பாடும் எஞ்சின் நலமுடையது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றிய வண்டியில் இவ்வோசை சமவெளியிலேயே கேட்கும்.

இவ்விடத்தில் புல்லட் வண்டியை எடுத்துக்காட்டி என்னை மறுப்பார் உளர். 1955 முதல் சென்னையில் செய்யப்பெற்று வரும் புல்லட், குறைந்த சுற்றிலேயே மலையேறும் பெருமையுடையது. அதன் பழைய 350 எஞ்சினின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலமும், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. கனத்த சக்கரம் உள்ளே சுழல்வது. ஆதலின் அது மெல்ல இழுக்க வல்லது. ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. அப்பழைய எஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனை உருளைகளின்மேல் அன்றி, எண்ணெயில் மிதக்கும் ஒரு புஷ்ஷின்மேல் சுழல்வது. சுழற்சி விரைவாயிருந்தாலே எண்ணெய் இடுக்கினுள் இழுக்கப்பட்டுப் படலம் வலுப்பெறும். சுற்று மிகக் குறைந்து பாரம் மிகும்போது படலம் நசுங்கிப் புஷ் தேயும். புல்லட்டின் நிதானத்தைக் கண்டு நூறு சி.சி. வண்டியை அவ்வாறு ஓட்டுதல், யானை நடையைக் கண்டு ஆடு நடந்த கதையாகும்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றிற்குப் பழந்தமிழ் நூல்களிற் காணும் பூக்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் பாடமாகக் கொண்ட மாணவனுக்கு அச்சாலை ஒரு விருந்து. ஆனால் வளைவுதோறும் பெயர்ப்பலகை படிக்க நின்று நின்று சென்ற என் நண்பனின் வண்டியே வழியில் நோவின்றி ஏறியது. நில்லாது முறுக்கிச் சென்ற மற்றொரு நண்பனின் வண்டி பத்தாம் வளைவுக்குமேல் இழுக்க மறுத்தது. தமிழார்வம் எஞ்சினையும் காக்கும் என்று அன்று நகைத்தோம். அவ்வுயரத்தில் காற்றும் மெலியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். எஞ்சினின் வலியும் அவ்வாறே குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மட்டும் குறையாமையால் கலவை தடித்து, புகை கறுக்கும். உச்சியில் உள்ளோர் அதனைச் சரிப்படுத்தப் பெட்ரோலைக் குறைத்து வைத்தால், வண்டி சமவெளிக்கு இறங்கியபின் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் கணினியே கலவையைத் திருத்துகின்றது. அக்கணினி எண்ணெய் ஊற்றாது என்பதை மட்டும் அதன் உடைமையாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கலவை நன்றோ தீதோ என்று அறியப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. பிளக்கின் நுனி இளங்கபில நிறமாயின் நலம். கரிபடிந்து கறுத்திருப்பின் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்புபோல் வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைந்து சூடு மிகுந்தது. வெளுப்பே அஞ்சத்தக்கது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்து, அவ்வழியே காற்றுப் புகினும் பிளக் வெளுக்கும்.

எம்நாட்டுக்குரிய பகைகள் இரண்டு: புழுதியும் பஞ்சும். வருசநாட்டு மண்பாதைகளின் புழுதியில் உள்ள மணல், சிலிண்டரை உப்புத்தாள்போல் தேய்க்கும். அதனைத் தடுப்பது ஏர் ஃபில்டர் ஒன்றே. அடைப்பு மிகுந்தால் வண்டி இழுக்கவில்லை என்று ஃபில்டரையே கழற்றி எறிவாரை யான் கண்டிருக்கின்றேன். வீட்டிற்குள் வெப்பம் என்று கூரையைப் பிரிப்பது போன்ற செயல் அது. இலவமரங்கள் மிகுந்த எம்பகுதியில் காய் வெடிக்கும் கோடைக்காலத்தே பஞ்சு எங்கும் பறக்கும். எண்ணெய்க் கசிவுள்ள எஞ்சினின் இறக்கைத் தகடுகளில் அப்பஞ்சும் புழுதியும் சேர்ந்தொட்டிக் கம்பளம் போர்த்ததுபோலாகும். காற்றுப் புகாத இறக்கையால் யாது பயன்? வாரத்திற்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுதல் போதும். ஆறியபின் என்பதை அழுத்திக் கூறுகின்றேன். மலையினின்று இறங்கி மூல வைகையைக் கண்டதும் கொதிக்கும் எஞ்சின்மேல் நீரை வாரி இறைப்போர் உளர். வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

ஆற்றைப் பற்றிய மற்றொன்று. ஐப்பசி கார்த்திகையில் மூல வைகை பெருகித் தரைப்பாலத்தின்மேல் ஓடும்போது, நீரினூடே வண்டியைச் செலுத்தும் துணிவு நம்மவர்க்கு மிகுதி. காற்றுப் புகும் வாய்வழி நீர் புகுந்து சிலிண்டரை நிரப்பினால், பிஸ்டன் மேலேற இடமிராது. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. அப்போது கனெக்டிங் ராடு வளைந்துபோகும். நீரில் நின்ற வண்டியை மீண்டும் மீண்டும் உதைத்தல் ஆகாது. கரைக்குத் தள்ளி வந்து, பிளக்கைக் கழற்றி, மெல்ல உதைத்து, நீரை வெளியேற்றியபின் எண்ணெயையும் மாற்றுக. பாலுங் கலந்த காப்பிபோல் எண்ணெய் வெளுத்திருந்தால் அதனுள் நீர் சேர்ந்ததென்று பொருள்.

சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமானத் தளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் நடைபெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிப் படிக்குங்கால் எனக்குத் தோன்றியது ஒன்று. பந்தயக்காரர் எஞ்சினை உச்சச் சுற்றில் வருத்துவர். எனினும் ஓட்டத்திற்கு முன் அதனைச் சூடேற்றுவர். ஓட்டம் முடிந்தபின் அடிக்கடி பிரித்துப் பார்ப்பர். அவர்க்கு எஞ்சின் ஒரு நாட் பொருள். எம்மவர்க்கு அது பத்தாண்டுப் பொருள். பிரித்துப் பார்க்கப் பணமில்லாப் பொருள். ஆதலின் பந்தயக்காரரைக் காட்டிலும் நாமே அதன் ஒலிக்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

ஏனெனில் எஞ்சின் சொல்லாமற் பிடித்துக்கொள்வதில்லை. முதலில் வலி குறையும். ஆக்சிலேட்டரை மேலும் திறந்தாலும் வேகம் கூடாது. இதனைக் கண்டு மேலும் திறப்பதே நம் இயல்பு. அடைக்க வேண்டிய இடம் அது. அடுத்து, உலோகம் கீறும் மெல்லிய ஒலி கேட்கும். தீய்ந்த எண்ணெயின் நாற்றமும் எழும். இவற்றுள் ஒன்று தோன்றினும் கிளட்சைப் பிடித்து, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை நிறுத்துக. முழுதும் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் பூட்டிக்கொண்டாலோ, ஒரு நொடிக்குள் கிளட்சைப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் சக்கரம் விடுபட்டு மீண்டும் உருளும், வண்டி கைவசப்படும். என் தந்தையார்க்கு அந்த ஒரு நொடி கிடைக்கவில்லை. கிளட்சின்மேல் அவர் விரல் இருக்கவில்லை. மலைச்சாலையில் இடக்கையின் இரண்டு விரலைக் கிளட்சின்மேல் வைத்தே ஓட்டுக என்று பட்டறைக்காரர் எங்களிருவர்க்கும் கற்பித்தது அதன் பின்னரே.

பிடித்துக்கொண்ட எஞ்சின் அரை மணி ஆறியபின் சிலபோது தானே விட்டுவிடும். உதைத்தால் ஓடும். பிழைத்தோம் என்று அதனை அப்படியே ஓட்டிச் செல்வது கூடாது. சுவரில் ஒட்டிய அலுமினியமும் பிஸ்டனில் விழுந்த கீறலும் அங்கேயே உள்ளன. அடுத்த ஏற்றத்தில் அவ்விடத்திலேயே மீண்டும் பிடிக்கும். சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, பெரிய அளவுப் பிஸ்டன் இட்டபின்னும் வேலை முடிவதில்லை. புதுப் பிஸ்டனும் புதுச் சுவரும் ஒன்றோடொன்று பழகச் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். அதுவரை பாரம் குறைத்து, முழு ஆக்சிலேட்டர் திறவாமல், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் செல்லாமல் ஓட்டுதல் வேண்டும். ஆடு விற்ற பணத்தில் ரீபோர் செய்த வண்டியை மறு வாரமே மூட்டையேற்றி மலைக்கு எடுத்துச் செல்லத் தந்தையார் எண்ணினார். தாயார் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டார். ஐந்நூறு கிலோமீட்டர் ஆகும்வரை அவ்வண்டி வருசநாட்டுச் சமவெளிச் சாலையில், மூட்டையின்றி, என் தாயாரை மட்டும் சந்தைக்கு ஏற்றிச் சென்று வந்தது.

கீறல் விழுந்த அப்பழைய பிஸ்டன் இப்போது விடுதியில் என் மேசைமேல் தாள்கள் பறவாதபடி வைக்கப்பட்டுள்ளது. புகை வெளியேறும் வாயின் பக்கம் மேலிருந்து கீழாக நான்கு ஆழ்ந்த கோடுகள் அதிற் காணப்படும். காண விரும்பும் நண்பர்கள் வந்து பார்க்கலாம்.